ரோபோவா, லேப்ராஸ்கோபியா?

"ஏம்மா, ரோபோ தானாவே ஆபரேஷன் பண்ணிடுமா?"

பெருங்குடல் கேன்சருக்கு தேதி குறிக்கப் போன எடத்துல பெரியப்பா இப்படி கேட்டதும், அந்த சர்ஜன் மேடம் ஒரு பேனாவ நேரா நீட்டி "இது லேப்ராஸ்கோபி"ன்னாங்க. அப்புறம் மணிக்கட்ட மெதுவா வளைச்சு திருப்பி "இது ரோபோங்கய்யா, உள்ள கருவி இப்படி வளையும், ஓட்டுறது நாங்கதான்".

ரெண்டுமே வயித்துல சின்ன ஓட்டை போட்டு பண்றதுதான். இடுப்புக்கூட்டுக்குள்ள குறுகலான எடத்துல இருக்கற மலக்குடலுக்கு அந்த வளைவு உதவும்னு சொல்றாங்க, ஆனா அங்கயே ரெண்டையும் ஒப்பிட்டு 2017ல வந்த ரோலார் ஆய்வுல 471 பேர்ல, பாதியில வயித்த திறக்க வேண்டி வந்தது லேப்ராஸ்கோபில 12.2%, ரோபோல 8.1%, அந்த வித்தியாசத்த உறுதியா சொல்ல முடியலன்னுதான் முடிச்சாங்க.

பெருங்குடலுக்கு லேப்ராஸ்கோபி நல்லாவே போதும்ங்கறது என் எண்ணம். திறந்து பண்றதுக்கு சமமா கேன்சர கட்டுப்படுத்துதுன்னு 2004லயே பெரிய ஆய்வு வந்தாச்சு. ரோபோவுக்கு பொதுவா நேரமும் செலவும் கூட.

நகைய அடகு வச்சாவது ரோபோதான்னு நிக்கறவங்கள பாத்தா மனசு பதறுது. தயவுசெஞ்சு மெஷின் பேர விட்டுட்டு, டாக்டர் இத எத்தன பேருக்கு பண்ணியிருக்காருன்னு கேளுங்க, அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு வர்ற பயாப்சி ரிப்போர்ட்ல, கேன்சர் பரவியிருக்கான்னு தெரிய குறைஞ்சது 12 நிணநீர் முடிச்சாவது (லிம்ஃப் நோடு) பாத்திருக்காங்களான்னு பாருங்க.