பேப்பர் ஸ்ட்ராவும் பீஃபும்

பர்கர் கம்பெனிகள் சுற்றுச்சூழல் அக்கறை என்று காட்டும் பேப்பர் ஸ்ட்ராவெல்லாம் சில்லறைக் கணக்கு. பீஃப் பர்கரின் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு கறியில்தான். மாடு அசைபோட்டு ஏப்பமாக விடும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். (பின்பக்கம் இல்லீங்க, பெரும்பாலும் வாய்வழிதான்.)

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பொள்ளாச்சிச் சந்தை வழி வருவதில் நிறைய, கறவை வற்றிய மாடு. காடழித்துக் கறிக்கென்றே வளர்த்த மாட்டின் கார்பன் கணக்கை இதற்கு அப்படியே ஒட்டக்கூடாது.

நம்ம பீஃப் ஃப்ரை கடைக்காரர் கையில் இருப்பது பொரிக்கும் எண்ணெய். டிபிசி (எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் போலார் சேர்மங்களின் மொத்த அளவு) 25 சதவீதம் தாண்டினால் சட்டப்படி அதில் பொரிக்கக்கூடாது. பீஃப் ஃப்ரையின் மசாலாத்தூள் அடியில் தங்கிக் கருகுவதாலும் எண்ணெய் சீக்கிரம் கெடுகிறது, தினமும் வடிகட்டுங்கள். கழித்ததை ஈரமில்லாத டின்னில் மூடி பயோடீசல் ஆட்களிடம் கொடுங்கள். தண்ணீர் கலந்தால் டீசல் குறைந்து சோப்பு சேரும்.