தியத்தலாவை முகாமும் 250 புள்ளியும்

இலங்கையில் எங்கள் காலத்துக் கல்லூரிக் கடேற் (மாணவர் படை) அணியில் சார்ஜன்ட் பட்டி யாருக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டொக்டரின் மகனும் தோட்டக்காரரின் மகனும் ஒரே வெயிலில்தான் நின்றோம். இடுப்புப் பட்டியின் பித்தளைப் பூட்டைப் பிராசோ மினுக்கி போட்டு முகம் தெரியும்வரை தேய்ப்போம். பொறுப்பாசிரியர் விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் கறுப்பு ஒட்டினால், யார் பிள்ளை என்றாலும் வரிசைக்கு வெளியே போக வேண்டியதுதான்.

வருடாந்த முகாம் மலைநாட்டு இராணுவத் தளமான தியத்தலாவையில் நடக்கும். பரிசோதனைக்கு முதல்நாள் இரவு, தெற்கே காலிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் என் கையைப் பிடித்துக் கம்பளியை மூலை பிசகாமல் மடிக்கப் பழக்கினான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. காலையில் இருவருமே தப்பினோம்.

அப்புறம் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதி வந்தது. 400 புள்ளியில் பேராதனைப் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி (சேர வேண்டிய குறைந்த புள்ளி) தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 227. எங்கள் அணியில் இரவிரவாகப் படித்த ஒருவன் இந்த இடைவெளிக்குள் விழுந்தான். அவனுடைய தாய் வாசலிலேயே இருந்து அழுததை நான் பார்த்தேன். பட்டாளத்துக்குப் போகலாம் என்றால் அதுவும் இல்லை. இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த 1962 சதிமுயற்சிக்குப் பிறகு இராணுவத்தில் தமிழர் சேர்வது அருகிக்கொண்டே போயிற்று.

ஆனாலும் எல்லா ஒதுக்கீட்டையும் 'தரப்படுத்தல்' (மொழி பார்த்துப் புள்ளியை மாற்றிய அந்தக் காலத்து முறை) என்று ஒரே வாயால் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே வினாத்தாளுக்கு மொழி பார்த்து வேறு வெட்டுப்புள்ளி வைத்தது அநியாயம். பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கை கொடுப்பது வேறு விஷயம். இன்று பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளைகள் பலர் அந்தக் கதவால்தான் உள்ளே போகிறார்கள். அவர்களைத் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது நான் இருக்கும் அமெரிக்காவிலும் அதே வாக்குவாதம்தான். இராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்க ஜனாதிபதி ட்ரூமன் 1948இல் கட்டளையிட்டார். 2023இல் பல்கலைக்கழக அனுமதியில் இனம் பார்ப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, இராணுவக் கல்லூரிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் விட்டது. அதிகாரிகள் எல்லாரும் ஒரே இனமாக இருந்தால் சிப்பாய்க்கு நம்பிக்கை வராது என்று ஓய்வுபெற்ற தளபதிகள் பலர் வாதாடியிருந்தார்கள். ஒரு இனத்தவரின் படையாக ஒரு படை மாறுவதைப் பார்த்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இம்முறை சேரும் காசில் ஒரு பங்கை எங்கள் கல்லூரிச் சுவருக்குள்ளேயே வைத்திருக்காமல், வடக்கே வன்னியில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆளில்லாத பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்போம். ஆசிரியர் சம்பளத்துக்கு என் பங்கைப் பொருளாளரிடம் தந்துவிட்டேன்.