சாய்தளத்தில் ஒரு மரக்கட்டை

கீரிமலை என்று பெயர் இருந்தாலும் அங்கே மலை கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் பாய் விரித்தாற்போல் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த நான், மண்சரிவையும் பூமியதிர்ச்சியையும் பற்றிப் படிப்பதற்காகக் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்ததன் தொடக்கம் நம் கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. எண்பதுகளின் முற்பகுதியில் உயர்தர வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்கு அந்தச் சாய்தளப் பரிசோதனை நினைவிருக்கும்.

ஒரு முனையில் பிணைச்சல் பூட்டிய பலகை. அதன்மேல் உள்ளங்கை அளவான ஒரு மரக்கட்டை. பலகையை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் ஒரு கோணத்தில் கட்டை வழுக்கத் தொடங்கும். அந்தக் கோணத்தைக் கொண்டு உராய்வுக் குணகத்தைக் கணித்துக் கொப்பியில் எழுதுவோம். பாடத்திட்டத்தின்படி அத்துடன் வேலை முடிந்தது. எங்கள் ஆசிரியரோ ஒருநாள், கட்டை வழுக்கும் கோணத்துக்குச் சற்றுக் கீழே பலகையை நிறுத்திவைத்து, மேசை ஓரத்தில் விரல் மொளியால் ஒருமுறை தட்டினார். கட்டை ஒரு நூலளவு நகர்ந்து நின்றது. மறுபடியும் தட்டினார்; இன்னும் ஒரு நூல். "தட்டினால் நகருது, விட்டால் நிக்குது. ஏன் எண்டு யோசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் போய்விட்டார். பரீட்சைக்கு வராத கேள்வி என்பதால் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பட்டமேற்படிப்பின் முதல் தவணையில், அதே கட்டை எனக்கு முன்னால் மீண்டும் வந்தது. நேதன் நியூமார்க் என்ற பொறியியலாளர் 1965ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்த்திய, மண் பொறியியல் துறையின் ரான்கின் விரிவுரையில், பூமியதிர்ச்சியின்போது மண் அணைகள் எவ்வளவு நகரும் என்பதைக் கணிக்க, நகரும் மண் திணிவை ஒரு சாய்தளத்தின் மேலுள்ள கட்டையாகவே எடுத்துக்கொண்டார். கட்டை நகரத் தொடங்குவதற்கு ஒரு குறைந்தபட்ச ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) தேவை. அதனை அவதி ஆர்முடுகல் என்போம். நில அதிர்வு அந்த எல்லையைத் தாண்டும் கணங்களில் கட்டை வழுக்கும், எல்லைக்குக் கீழே இறங்கியதும் சற்று ஓடி நிற்கும். இப்படிச் சேரும் சிறு நகர்வுகளின் கூட்டுத்தொகைதான் இடப்பெயர்ச்சி. ஆசிரியர் மேசையில் தட்டிக் காட்டியது இதைத்தான் என்று புரிந்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

அணைக்கு வகுத்த இக்கணிப்பை இயற்கையான மலைச்சரிவுக்குப் பொருத்தலாமா என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடை 1994 ஜனவரி 17ஆம் திகதிக்குப் பின்னர் கிடைத்தது. அன்று விடியற்காலை 4.30 மணியளவில் லொஸ் ஏஞ்சலஸ் நகரின் வடமேற்கே நோர்த்ரிட்ஜில் 6.7 அளவான அதிர்ச்சி ஏற்பட்டு, ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் 11,000க்கும் மேற்பட்ட மண்சரிவுகளைத் தூண்டியது. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வின் ஹார்ப்பும் ரண்டல் ஜிப்சனும் அவற்றை வான்படங்களின் உதவியோடு ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தனர். பிறகு ஜிப்சன் குழுவினர் அந்நிலப்பரப்பைப் பத்து மீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நியூமார்க் இடப்பெயர்ச்சியைக் கணித்து, உண்மையில் சரிந்த இடங்களோடு ஒப்பிட்டார்கள். கணித்த இடப்பெயர்ச்சி முதல் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் வரை கூடக்கூடச் சரியும் வாய்ப்பு விரைவாக ஏறி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிட்டது. அதாவது, மிக ஆபத்தானது என்று குறிக்கப்படும் இடத்திலும் மூன்றில் இரண்டு பங்கு சரியாமலே நிற்கலாம். இந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆபத்து வரைபடம் சோதிடம் அன்று. எங்கே வீடு கட்டுவதற்கு முன் மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

அந்த அதிர்ச்சியில் சரிவுகள் காய்ந்திருந்தன. சரிந்த மண் புழுதி மேகமாக எழுந்து, அதிலிருந்த பூஞ்சண வித்திகளைச் சுவாசித்தவர்களில் 203 பேர் வென்சுரா மாவட்டத்தில் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு ஆளாகி, மூவர் இறந்தனர். மண்சரிவு மூச்சு வழியாகவும் கொல்லும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அதே சரிவுகள் மழையில் ஊறியிருந்தால் சேதம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

ஏனெனில் நீர் மண்ணை வழுக்க வைப்பது எண்ணெய்போல அன்று. மண்துணிக்கைகளுக்கிடையே நிறையும் நீரின் அமுக்கம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிரிக்க, உராய்வு குறைகிறது. போதிய மழை பெய்தால் மேசையைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளை மண் மூடியபோது பூமி அதிரவில்லை, மழைதான் பெய்திருந்தது. அச்செய்தியைக் கேட்ட அன்று, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த அந்தச் சரிவை எண்ணி எண்ணி எனக்கு மனம் ஆறவில்லை. நான் கற்றதெல்லாம் அங்கே எவருக்கும் பயன்படவில்லை என்ற துயரம் இன்றும் இருக்கிறது.

நம் கல்லூரி ஆய்வுகூடத்துக்குப் புதிய உபகரணங்கள் வாங்கப் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்ப்பதாக அறிந்து என் பங்கை அனுப்பியுள்ளேன். கணினிகளோடு ஒரு சாய்தளப் பலகையும், அதன்மேல் தெளிக்க ஒரு போத்தல் தண்ணீரும், தட்டுவதற்கு உறுதியான ஒரு மேசையும் அங்கே இருக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.