நான்காம் படியில் எழுதிய முதல் வரி

2022 மே மாதம் நீலகிரி மதுக்கடைகளில் ஒரு புதிய நடைமுறை வந்தது. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்பதால், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு அது. யானைக்காக வந்த அந்தத் திட்டம்தான் நான் எவ்வளவு குடிக்கிறேன் என்பதை முதன்முதலாக எனக்கு எண்ணிக் காட்டியது. குன்னூரில் என் அறைக் கட்டிலுக்கு அடியில் சேர்ந்திருந்தவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனபோது நாற்பத்து மூன்று குவார்ட்டர் பாட்டில்கள் இருந்தன. மூன்று வாரக் கணக்கு. கிடைத்த 430 ரூபாயில் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பித் தேயிலைத் தோட்ட லயன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. ஆண்கள்மீதுதான் எனக்கு ஈர்ப்பு என்பது பதினைந்து வயதிலேயே தெரியும். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் காறித் துப்புவதற்காகவே உண்டானவை. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லை நான் அறிந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ‘குடிநோயாளி’ என்ற சொல்லும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்து சேர்ந்தது. இரண்டும் என்னைக் குறிப்பவை என்பதாலேயே இரண்டும் ஒரே நோய் என்று பிறரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நான் ஒரு பாரில் இருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி ஓடியது; யாரோ ஒருவர் ஏதோ சொல்ல, மேசைகள் எல்லாம் சிரித்தன. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அன்றிரவு எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்பது நினைவில் இல்லை.

2021 ஜூலையில் என் அண்ணன் என்னை ஒரு செப வீட்டுக்கு அழைத்துச் சென்றார். குடியையும் ‘அந்த ஆவியையும்’ ஒரே உபவாசத்தில் விரட்டிவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்த ஜூன் 7ஆம் தேதி உத்தரவு வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பல ஆண்டுகள் தினமும் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரைகளும் தயமின் ஊசியும் கொடுத்துத்தான் அந்த நாட்களைக் கடத்துவார்கள். எனக்குக் கொடுத்தது எண்ணெயும் தண்ணீரும். இரண்டாம் நாள் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆவி வெளியேறுகிறது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டியதாக அண்ணன் பிறகு அழுதுகொண்டே சொன்னார். அவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் குடித்தேன். 2022 நவம்பரில்தான், முறையாக மருத்துவமனையில் படுத்து எழுந்து, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய அந்த இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் மூன்றாவது, ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று சொல்கிறது. எனக்கு ஸ்பான்சராக, அதாவது இந்தப் படிகளில் வழிகாட்டுபவராக, வந்த ஐயா நீலகிரியின் படுகர் இனத்தவர். அரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் வைத்திருப்பவர். அவர் புரிந்துகொண்ட கடவுள், படுகர்கள் வணங்கும் ஹெத்தையம்மன். கத்தோலிக்கனான எனக்கு இவர் எப்படி வழிகாட்டுவார் என்று தொடக்கத்தில் சற்று இளக்காரமாகவே நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான்காம் படி, நம் குறைகளை அஞ்சாமல் கணக்கெடுத்து எழுதச் சொல்கிறது. ஐந்தாவது, அதைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. நாற்பது பக்க நோட்டில் முதல் வரியாக, ‘ஆண்களை விரும்புகிறேன்’ என்று எழுதி அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து வாசித்தேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இதுல யாருக்கு என்ன கெடுதல் பண்ணீங்க தம்பி?” என்றார்.

யாருக்கும் இல்லை என்றேன்.

“அப்ப இது ஏன் இந்த நோட்டுல இருக்கு? ஹெத்தைன்னா எங்களுக்குப் பாட்டி. பேரன் எப்படிப் பொறந்தான்னு பாட்டிக்குத் தெரியாதா?” என்று சொல்லிப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.

அடுத்த பக்கத்தில் வந்திருக்க வேண்டியது நான் எழுதாமல் விட்ட ஒன்று. 2019 ஜனவரியில் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கோவிலில் மூன்று முறை வாசிக்கும் திருமண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தைய நாள் மூக்குமுட்டக் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறி ஓடிப்போனேன். என்னைத் தேடினார்கள், ஊர் வாய் அந்தப் பெண்ணைத்தான் மென்றது. பிறப்பிலேயே பாவி என்று நம்பிக்கொண்டிருந்தவரை, இதைத் தனியாக எடுத்துப் பார்க்கவேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. அடித்த வரிக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்திருந்தது இதுதான்.

திருச்சபையோடான என் பிணக்கு இன்னும் முடியவில்லை. மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண், என்னைப் போன்றவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய எண்ணோ எங்கள் உறவுகளை ஒழுங்கற்றவை என்கிறது. முதலாவதைப் பற்றிக்கொள்கிறேன், இரண்டாவதை ஏற்கவில்லை. ஆனாலும் ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்துக்கு மாதம் ஒருமுறை போகிறேன். இயேசு அறையப்பட்டதாக நம்பப்படும் மெய்ச் சிலுவையின் சிறு துண்டு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. என்னை மாற்றும்படி நான் இப்போது அங்கே வேண்டுவதில்லை. அன்றைய ஒரு நாள் குடிக்காமல் இருக்கத்தான் வேண்டுகிறேன்.

அந்தப் பெண் இப்போது திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். பிறரைக் காயப்படுத்துமென்றால் ஈடுசெய்யப் போகவேண்டாம் என்று ஒன்பதாம் படியே சொல்வதால் அவரைத் தேடிப் போகவில்லை. கூடலூருக்குப் போய் அவருடைய அப்பாவைப் பார்த்தேன். ஏன் ஓடினேன் என்பதை ‘தன்பாலீர்ப்பு’, ‘குடிநோயாளி’ என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தியே சொன்னேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மண்டபத்துக்கும் துணிமணிக்கும் ஆன செலவை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாதம் இரண்டாயிரமாகக் கட்டிவருகிறேன்; இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.