எஸ்எஸ்டி போட்டும் பழைய டிஸ்க் விடவில்லை

வீட்டு பிசியில் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) ஒன்றை நானே மாட்டி விண்டோஸ் 10 போட்டேன். வேகம் பிரமாதம். ஆனால் திறக்கும்போதெல்லாம் நீலத் திரையில் கேள்வி: எது வேண்டும்? மேலே விண்டோஸ் 10, கீழேயும் விண்டோஸ் 10. 30 விநாடி எண்ணும். அம்மா கீழே உள்ளதைத் தட்டிவிட்டு, "நேத்து ஏத்துன படமெல்லாம் எங்கடா?" என்பார். அது ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த பழைய விண்டோஸ்.

சிபியுவைக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடை பூட்டு. மறுநாளும் போனேன். அங்கிருந்த தம்பி எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் (பிசி கிளம்புவது) பக்கத்தில் ஒரு வரியை அழித்தான். இரண்டு நிமிஷம், 40 வெள்ளி (ரிங்கிட்).

கேள்வி நின்றது உண்மை. அடுத்த வாரம் பழைய டிஸ்க்கைக் கழற்றினேன், பிசி கிளம்பவே இல்லை. போன் போட்டால், "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணணும்ணே, 120 வெள்ளி" என்கிறான். கடுப்பு அங்கேதான் ஏறியது.

விஷயம் இதுதான். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதியிலேயே (பிசி கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் சின்ன இடம்) பூட் கோப்புகளை எழுதிவிடும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதி எந்த டிஸ்க்கில் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். நானும் பார்க்கவில்லை, 40 வெள்ளி வாங்கியவனும் பார்க்கவில்லை.

பழையதை மறுபடி மாட்டி, டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டைத் திறந்தேன். இங்கே உஷார்: எஸ்எஸ்டிதான் டிஸ்க் 0 என்று நினைத்தேன், அது டிஸ்க் 1. எண்ணை நம்பாமல் ஜிபி அளவைப் பாருங்கள். டிஸ்க்கையே காலியாக்கிவிடும் 'கிளீன்' கட்டளைப் பக்கமே போகாதீர்கள். சி டிரைவை 200 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ பகுதி உருவாக்கி, ஃபேட்32 என்ற வகையில் ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுத்தேன். பிறகு பூட் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் கட்டளைக்கு சி-யில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ் டிரைவையும் காட்டி, பூட் வகை யூஇஎஃப்ஐ (புதிய பிசிகள் கிளம்பும் முறை) என்று சொன்னதும் ஒரே வரியில் முடிந்தது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் பிசி அமைப்புத் திரை) பார்த்தால் மறுபடியும் இரட்டைப் பிள்ளைகள்: இரண்டு விண்டோஸ் பூட் மேனேஜர்! பக்கத்தில் எஸ்எஸ்டி பெயர் இருந்ததை மேலே ஏற்றினேன். பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கித் தொங்கவிட்டு, பட்டனை அழுத்தினேன். கேள்வியே இல்லாமல் நேராக உள்ளே போனது.

புதிதாக விண்டோஸ் போடுகிறவர்கள் மற்ற டிஸ்க்கின் கேபிளை முதலிலேயே கழற்றிவிடுங்கள். என் பழைய டிஸ்க் இப்போது ஒரு கேசிங்கில், அம்மாவின் கல்யாணப் படங்களோடு டிவிக்குப் பின்னால் கிடக்கிறது.