பேட்டரி இல்லாத பிஎஸ்பிக்கு ஒரு பேட்டரி பிளக்கின்

அக்கா பையன் ஹாஸ்டலுக்குப் போகும்போது தன் பிஎஸ்பி 3000-ஐ (சோனியின் கையடக்க கேம் கருவி) என்னிடம் விட்டுப் போனான். கூடவே ஒரு வேலையும் வைத்தான். "மாமா, கேம் ஆடும்போதே மூலையில சார்ஜ் எத்தனை பர்சன்ட்னு தெரியணும். முடியுமா?" இதற்கென்று யார் யாரோ எழுதிய பிளக்கின்கள் (கேமோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல்கள்) முன்பே இருக்கின்றன, இறக்கிப் போட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் சி மொழி கொஞ்சம் தெரியும் என்ற தெம்பில் நானே எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

கருவியில் 6.60 புரோ கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது வெளியார் எழுதிய நிரல்களையும் ஓட்டவிடும் மாற்று மென்பொருள், ஏற்கெனவே இருந்தது. 3000 மாடலில் அது நிலையாக உட்காராது. முழுதாக அணைந்தால் போய்விடும், மெமரி ஸ்டிக்கில் இருக்கும் ஃபாஸ்ட் ரெகவரியை ஓட்டித் திரும்ப ஏற்ற வேண்டும். இது பின்னால் என் உயிரை வாங்கியது. கணினியில் பிஎஸ்பிக்கு நிரல் எழுத உதவும் பிஎஸ்பிடெவ் கருவிகளை நிறுவியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மாலையில் முடிந்தது.

பிளக்கின் என்பது ஒரு பிஆர்எக்ஸ் கோப்பு. அதை எஸ்இபிளக்கின்ஸ் ஃபோல்டரில் போட்டு, அங்கேயே உள்ள கேம்.டிஎக்ஸ்டி கோப்பில் அதன் முழுப் பாதையை எழுதி, ஓர் இடம் விட்டு 1 என்று போட்டால் கேமோடு சேர்ந்து ஏறும். 0 போட்டால் ஏறாது. மெயின் மெனுவுக்கு விஎஸ்ஹெச்.டிஎக்ஸ்டி என்று தனிக் கோப்பு உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். கேம் கோப்பில் மட்டும் எழுதியிருந்தால் பிளக்கின் எவ்வளவு சொதப்பினாலும் மெனு திறக்கும், யூஎஸ்பி வழியாக 1-ஐ 0 ஆக்கிவிடலாம். நான் அதை முதல் நாளே செய்ய வேண்டியிருந்தது.

பிளக்கின் ஏறியதும் முதலில் ஓடுவது மாட்யூல் ஸ்டார்ட் என்ற ஃபங்ஷன். சதவீதத்தை வாங்கு, வரை, திரும்பவும் வாங்கு என்று ஒரு முடிவில்லாத லூப்பை அதற்குள்ளேயே எழுதியிருந்தேன். கேமைத் திறந்தால் கறுப்புத் திரை. அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பினால்தான் கேம் ஏறவே ஆரம்பிக்கும். நானோ வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். லூப்பை, கேமுக்கு இணையாக ஓடும் தனி த்ரெட்டில் போட்டு, மாட்யூல் ஸ்டார்ட்டை உடனே திரும்பச் சொன்னதும் கேம் ஓடியது.

எழுத்தும் வந்தது, ஆனால் கோளாறாக. பச்சை நிறத்தில், மூலையிலிருந்து 10 புள்ளி தள்ளி வரையச் சொல்லியிருந்தேன். வந்ததோ வெளிர்நீலம். 20 புள்ளி தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக, ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. இன்னொரு கேமில் அதே பிளக்கின் ஒழுங்காக வரைந்தது. காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. பிஎஸ்பி திரை 480-க்கு 272 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட் எடுப்பதா 2 பைட் எடுப்பதா என்பதை ஒவ்வொரு கேமும் தானே முடிவு செய்துகொள்கிறது. எல்லாமே 4 பைட் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தேன். 2 பைட் கேமில் என் ஒரு புள்ளி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளாக விழுந்தது, வரிகளும் ஒன்று விட்டு ஒன்று தள்ளிப் போயின. திரையில் தெரியும் படம் இருக்கும் நினைவகப் பகுதியான ஃப்ரேம் பஃபரின் முகவரியைக் கேட்கும்போதே பிக்சல் ஃபார்மட்டும் கூடவே வருகிறது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தபோது பின்மூடி சரியாக மூடவில்லை. கழற்றிப் பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது. பழைய பிஎஸ்பிகளில் இது சகஜம்தான். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி ஓட்டினேன். பேட்டரி இல்லாமலும் பிஎஸ்பி ஓடும். கேமைத் திறந்தேன். திரை உறைந்தது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது.

முந்தின நாள் ஓடிய பிளக்கின். ஒரு வரிகூட மாற்றவில்லை. ஒவ்வொரு முறை அணையும்போதும் ஃபாஸ்ட் ரெகவரி, அப்புறம் கேம், அப்புறம் மறுபடி உறைதல். முதலில் செய்தது, மெமரி ஸ்டிக்கில் ஒரு லாக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதி உடனே மூடுவது. மூடாவிட்டால் உறையும்போது கடைசி வரி கோப்பில் சேராமல் போகலாம். கடைசியாக இருந்தது "வரையப் போகிறேன்" என்ற வரி. அதற்கு மேல் அந்த வழியில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் பிஎஸ்பியைக் கணினியோடு இணைத்துப் பிழை தேட உதவும் பிஎஸ்பிலிங்க்கைத் தொட்டேன். முதல் நாளே தொட்டிருக்க வேண்டும். யூஎஸ்பி கேபிளைச் செருகி, கணினியில் யூஎஸ்பிஹோஸ்ட்எஃப்எஸ் ஒரு ஜன்னலிலும் பிஎஸ்பிஷெல் இன்னொரு ஜன்னலிலும் ஓடினால், கணினியின் ஃபோல்டரிலிருந்தே பிளக்கினை நேராக ஏற்றலாம். மெமரி ஸ்டிக்குக்குக் காப்பி எடுக்கும் வேலை இல்லை. உடைந்தால் ரீசெட் என்று அடித்தால் போதும். ஒரு சின்ன ஹோம்ப்ரூவோடு (ஆர்வலர்கள் தாங்களே எழுதும் நிரல்) சேர்த்து ஏற்றினேன். உடைந்ததும் த்ரெட் பெயர், மாட்யூல் பெயர், ஈபிசி, ரெஜிஸ்டர்கள் எல்லாம் கணினித் திரையில் கொட்டின. மாட்யூல் பெயர் என்னுடையதுதான். தொட முயன்ற தவறான முகவரி ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறை) ஏ-வில் தொடங்கியது. பயனர் நிரல்கள் வாழும் இடம் 088-இல் தொடங்குவது, ஆக நான் எங்கோ கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பக்கம் கையை நீட்டியிருக்கிறேன்.

ஈபிசி என்பது உடைந்த கட்டளையின் முகவரி. அதிலிருந்து மாட்யூல் ஏறிய முகவரியைக் கழித்து, மிச்சத்தை அட்ரஸ்-டு-லைன் கருவியிடம் கொடுத்தேன். மூலக் கோப்பின் வரி எண் வந்தது. கம்பைல் செய்யும்போது டீபக் தகவலைச் சேர்த்திருந்தால்தான் இது வரும். அந்த வரி, சதவீதத்தைப் பத்தால் வகுத்து அந்த இலக்கத்தின் வடிவத்தை எழுத்துரு அட்டவணையிலிருந்து எடுக்கும் வரி.

பேட்டரி இல்லையென்றால் சதவீதம் சொல்லும் ஃபங்ஷன் 0 தருவதில்லை, பிழை எண் தருகிறது. பிஎஸ்பியில் பிழை எண்கள் ஹெக்ஸில் 8-இல் தொடங்கும். மைனஸும் வரக்கூடிய சாதாரண இன்ட் என்ற முழு எண் வகையில் வாங்கினால் அது இருநூறு கோடிக்கு மேற்பட்ட மைனஸ் எண். அதைப் பத்தால் வகுத்து அட்டவணையில் இடம் தேடினால் எங்கே போய் நிற்கும்? சதவீதத்தைக் கேட்கும் முன் பேட்டரி இருக்கிறதா என்று கேட்க ஒரு ஃபங்ஷன் தனியாகவே இருக்கிறது. மொத்தத் திருத்தம் இரண்டு வரி.

கேம் இரண்டு பஃபர்களை மாற்றி மாற்றிக் காட்டுவதால் எழுத்து இன்னும் லேசாகச் சிமிட்டுகிறது. திரையை மாற்றும் ஃபங்ஷனையே மறித்து, அதற்குள் வரைந்தால் அது நிற்கும். அடுத்த லீவுக்கு அதை வைத்திருக்கிறேன். புது பேட்டரி இன்னும் வாங்கவில்லை. பையன் வந்து பார்த்தால் மூலையில் அழகான பச்சை நிறத்தில், சரியான அளவில், இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் தெரியும்: "--".