ஒற்றைத் 'த' ஒருவழியாக வசப்பட்டது (ஜப்பானிய மொழி, 112ஆம் நாள்)

இன்று காலை இந்த 'த' வரும் சொல்லைப் பத்துத் தடவை பதிவு செய்ததில் எட்டு சரி. இதுவரை ஐந்தைத் தாண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

'கிதே குதசாய்' என்றால் 'வாருங்கள்'. 'கித்தே குதசாய்' என்றால் 'வெட்டுங்கள்'. குறில் நெடில் நமக்குப் பிரச்சினையே இல்லை. ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி, முதல் வாரமே வந்துவிட்டது. இரட்டிப்பும் பழகியதுதான். தகராறெல்லாம் ஒற்றைத் 'த'வில். 'கதை', 'விதை' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் உள்ள எழுத்து தானாக மெலிந்து தொண்டை அதிரும். ஜப்பானியத்தில் அங்கே அதிரக் கூடாது. அதிராமலிருக்க அழுத்தினால் உடனே இரட்டித்து 'வெட்டுங்கள்' ஆகிவிடும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜப்பானியர் பேசும்போது 'த'வுக்கு முன் கோடு ஒரு கணம் தட்டையாகப் படுக்கிறது. 'கித்தே'யில் அந்த மௌனம் இரண்டு மடங்குக்கும் மேல். என் 'கிதே'யில் கோடு படுக்கவே இல்லை, நடுங்கிக்கொண்டே போனது.

வழி கிடைத்தது 'தேன்' என்ற சொல்லில். சொல்லின் முதலில் வரும் 'த' நம் வாயிலும் வல்லினம்தானே? 'கி', சின்ன இடைவெளி, 'தேன்'. அப்புறம் 'ன்'னை விட்டு, ஏகாரத்தைக் குறுக்கி, இடைவெளியை நாளுக்கு நாள் சுருக்கினேன். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டால் அதிர்வு நின்றதா என்பது உடனே தெரியும்.

முதலில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிற்றுக்குள் வாய் பழையபடி ஆகிவிடும். தினமும் காலை கால் மணி நேரம் என்று மாற்றிய பிறகுதான் பழகியது நிலைத்தது. நடுவில் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் ஒன்பது நாள் விட்டேன். திரும்பி வந்து பதிவு செய்தால் பத்துக்கு இரண்டு. அதை மீட்கப் பதினைந்து நாள் ஆனது, இன்னும் வருத்தம்தான்.

ரிச்சி தெருவில் வாங்கிய காலர் மைக் நன்றாக இருக்கிறது. போனின் மைக்கில் மின்விசிறிச் சத்தம் அந்த மௌனத்தையே மூடிவிடும், அலையைப் பார்த்துப் பயனில்லை.

டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை எழுதுகிறேன். அதில் பேச்சுத் தேர்வே கிடையாது, ஆனாலும் இதை விட மனமில்லை. அடுத்தது ஒற்றைக் 'க': ரயில் நிலையத்துக்கு 'எகி'. நேற்றே ஐந்து தடவை பதிவு செய்துவிட்டேன், ஐந்திலும் கோடு நடுங்குகிறது. 'கித்தே'யின் மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டவும் வேண்டும்.